கை வைத்த இன்ஜின்: வாங்கலாமா?

ஜனவரி 9, கேள்வி

1986 போர்ஷே 944 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். டர்போ இல்லை, சாதா 2.5 லிட்டர். பாடி சுத்தம். உரிமையாளரே இன்ஜினை முழுசாகப் பிரித்து வேலை செய்து, அப்புறம் 4000 கி.மீ. ஓட்டியிருக்கிறார். மெக்கானிக் இல்லை, கணக்கு வேலை பார்ப்பவர். "புது இன்ஜின் மாதிரி" என்று அதற்கே தனியாக விலை கூட்டிக் கேட்கிறார். இது எனக்கு லாபமா, நஷ்டமா?

ஜனவரி 9, இரவு

நஷ்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் பிரித்துச் சேர்த்த இன்ஜின் விலையைக் குறைக்கிற விஷயம், ஏற்றுகிற விஷயம் இல்லை. பட்டறையில் செய்திருந்தால் பில் இருக்கும், சண்டை போட ஓர் ஆளாவது இருப்பார். இங்கே இரண்டும் இல்லை.

என்னென்ன மாற்றினார் என்பதை அப்புறம் கேட்கலாம். முதலில், எதற்காகப் பிரித்தார்? நன்றாக ஓடுகிற இன்ஜினை யாரும் பிரிப்பதில்லை. புகை வந்ததா, தட்டும் சத்தம் கேட்டதா, பெல்ட் அறுந்ததா? 944-ல் டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும், வால்வு வளையும். காரணத்தை ஒரே மூச்சில் சொல்பவரிடம் மேற்கொண்டு பேசலாம். "சும்மாதான், பழசாகிவிட்டதே என்று" என்று இழுத்தால் உஷார்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே எண்டோஸ்கோப் (மெல்லிய குழாய்க் கேமரா) விட்டுப் பாருங்கள். சிலிண்டர் சுவரில் ஹோன் கல்லால் தேய்த்துப் போட்ட குறுக்குக் கீறல்கள் தெரிந்தால் நல்லது, பிஸ்டன் ரிங் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும்.

ஜனவரி 9, நள்ளிரவு

மேலே கடைசிப் பத்தியை அடித்துவிடுங்கள். 944-க்கு அது நேர்மாறு. படுத்த பிறகுதான் உறைத்தது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 10

சரி, நிதானமாக.

பெரும்பாலான பழைய இன்ஜின்களில் சிலிண்டர் சுவர் வார்ப்பிரும்பு. ரிங் மாற்றும்போது சுவரை ஹோன் கல்லால் லேசாகத் தேய்த்துக் குறுக்கும் மறுக்குமாகக் கீறல் போடுவோம். கீறலில் ஆயில் தங்கும், ரிங் சுவரோடு பழகும். என் கை பழகியதெல்லாம் அந்த மாதிரி இன்ஜின்களில்தான். அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

944-ன் பிளாக் முழுக்க அலுமினியம், உள்ளே இரும்பு லைனர் கிடையாது. அலுசில் என்பார்கள், கிட்டத்தட்ட 17 சதவீதம் சிலிக்கன் கலந்தது. தொழிற்சாலையில் சுவரை முடிக்கும்போது மேலாக இருக்கும் அலுமினியத்தை மட்டும் ஒரு மயிரிழை எடுத்துவிட்டு, கடினமான சிலிக்கன் துகள்கள் தலை நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டுவிடுவார்கள். ரிங் ஓடுவது அந்தத் துகள்களின் மேல். பிஸ்டனுக்கும் மெல்லிய இரும்புப் பூச்சு உண்டு. வெறும் அலுமினியம் அலுமினியத்தோடு உரசினால் ஒன்றையொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும், அதற்காக. இதே வகைக் கலவையில்தான் 1970-ல் வந்த செவ்ரோலே வேகாவுக்கும் பிளாக் வார்த்தார்கள். அந்த இன்ஜின் சூடேறி, ஆயில் குடித்து, பேரைக் கெடுத்துக்கொண்டது வேறு கதை.

இந்தச் சுவரில் சாதாரண ஹோன் கல்லை விட்டால் துகள்கள் உடைந்து பெயரும், மேலே அலுமினியம் இழுத்துக்கொள்ளும். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். அப்புறம் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். வார்ப்பிரும்பில் எது நல்ல அடையாளமோ, அதுவே இங்கே வேலை கெட்டதற்கு அடையாளம்.

எண்டோஸ்கோப்பில் மங்கலான சாம்பல் நிறச் சுவர் தெரிய வேண்டும். கண்ணுக்குப் பட்டென்று தெரிகிற குறுக்குக் கீறல் இருந்தால் கிளம்பி வந்துவிடுங்கள். அவரிடம் வெகுளியாக ஒரு கேள்வியும் போடுங்கள் (போர் என்றால் சிலிண்டரின் உள்துளை): "போர் ஹோன் பண்ணினீர்களா?" பெருமையாக "ஆமாம்" என்றால் இன்னும் சீக்கிரம் கிளம்பலாம்.

ஜனவரி 12

சொந்தக் காருக்குச் செய்பவர் பட்டறைக்காரரைவிடக் கவனமாகத்தானே செய்வார் என்று கேட்டிருக்கிறீர்கள். கவனம் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரியாத இடத்தில் கவனம் எப்படி வரும்?

நான் வாங்கிய இரண்டாவது கார் ஒரு சின்ன இரண்டு சீட்டர். விற்றவர் தங்கமான மனிதர். இன்ஜினைப் பிரித்ததிலிருந்து பூட்டியதுவரை ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் வைத்திருந்தார். வால்வு கவருக்குச் சிவப்புப் பெயின்ட், போல்ட் தலைகளுக்கெல்லாம் பாலிஷ். நான் அந்தச் சிவப்பில் மயங்கிப்போனேன், வேறொன்றுமில்லை.

1100 கி.மீ. ஓடியிருப்பேன். மேடு ஏறும்போது கீழிருந்து ஒரு தட்டல். ஆக்சிலேட்டரை மிதித்தால் வரும், விட்டால் போய்விடும். ஆயில் பானைக் கழற்றி, பிஸ்டனைக் கிராங்கோடு (இன்ஜினின் சுழலும் தண்டு) இணைக்கும் ராட்டின் மூடியை இறக்கி, பேரிங்கைக் கையில் எடுத்தேன். மங்கிய வெள்ளியாக இருக்க வேண்டிய முகம் செம்பு நிறத்தில் வரிவரியாக இருந்தது. கட்டைவிரலை அதன்மேல் ஓட்டினேன், உப்புத்தாள் மாதிரி நறநறவென்றது.

கிராங்கைக் கொடுத்து கிரைண்ட் செய்து வாங்கியிருக்கிறார். அதுவரை சரி. கிராங்குக்குள் ஆயில் போவதற்கு நெடுகத் துளைகள் உண்டு. அரைத்த தூள் அதற்குள் போய் அடைந்திருக்கிறது. அவர் வெளியே பளிச்சென்று கழுவித் துடைத்திருக்கிறார், துளைக்குள் பிரஷ் விடவில்லை. ஸ்டார்ட் செய்ததுமே ஆயில் அந்தத் தூளைக் கொண்டுபோய்ப் பேரிங்கில் பதித்துவிட்டது. அப்புறம் அவருடைய படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எழுபது படத்துக்கு மேல் இருக்கும். ஒன்றில்கூட அந்தத் துளை இல்லை.

அதனால் உங்கள் ஆளிடம் படம் கேட்காதீர்கள், அளவு கேளுங்கள். ராட் பேரிங் இடைவெளி எவ்வளவு வந்தது? எதை வைத்து அளந்தார்? பிளாஸ்டிகேஜ் நூலை வைத்து நசுக்கி, அகலம் பார்த்தேன் என்றால்கூடப் போதும். ரிங் வாய் இடைவெளி? ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தாரா? எண் வேண்டும். "எல்லாம் சரியாக இருந்தது" என்பது எண் இல்லை.

ஜனவரி 13

விற்றவரிடம் சண்டை போட்டேனா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. கூப்பிட்டுச் சொன்னேன். என்னைவிட அவர்தான் அதிகம் வருத்தப்பட்டார். கடைசியில் நான் அவருக்கு ஆறுதல் சொல்லி போனை வைத்தேன். இன்றுவரை அதில் எனக்கு எரிச்சல்.

ஜனவரி 15

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று பார்த்தால் போதுமா என்றால், போதாது. ஆனால் பாருங்கள்.

இன்ஜின் சூடாக இருக்கட்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். நான்கு பிளக்கையும் கழற்றி, டிஎம்ஈ ரிலேயை (இன்ஜின் கம்ப்யூட்டருக்கான சுவிட்ச்) உருவிவிடுங்கள். அது போனால் பெட்ரோல் பம்பும் போய்விடும், ஸ்பார்க்கும் போய்விடும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுழற்ற, இன்னொருவர் கேஜைப் பார்க்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறதா என்பதே முக்கியம். அதிகத்துக்கும் குறைவுக்கும் 10 சதவீதம் வித்தியாசம் என்றால் பரவாயில்லை. அதற்கு மேலே போனால் லீக்டவுன் போடுங்கள். காற்றைச் செலுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் உஸ்ஸென்றால் ரிங், சைலன்சரில் கேட்டால் எக்சாஸ்ட் வால்வு, ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.

இதெல்லாம் இன்ஜினின் மேல் பாதி. கீழ்ப் பாதியைப் பற்றி கம்ப்ரஷன் கேஜ் ஒரு வார்த்தை சொல்லாது. 944-ல் பயப்பட வேண்டிய இடமே கீழே, இரண்டாவது ராட் பேரிங். வளைவுகளில் விரட்டி ஓட்டப்பட்ட, ஆயில் குறைவாக ஓடிய கார்களில் முதலில் போவது அதுதான். நன்றாகச் சூடான பிறகு ஆயில் பிரஷர் பாருங்கள். ஐடிலில் 2 பார் பக்கம் நிற்க வேண்டும், நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கு மேலே முள் 5-ஐ நெருங்க வேண்டும். டேஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள், பழைய சென்சார் என்ன வேண்டுமானாலும் சொல்லும். தனி கேஜ் மாட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. காரின் அடியில் படுத்து, பிளாக் கீழ்ப்பகுதியோடு சேரும் கோட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த இன்ஜினில் மெயின் பேரிங்குகளுக்குத் தனித்தனி மூடி இல்லை, ஐந்தும் சேர்ந்து ஒரே வார்ப்பாக வந்து பூட்டும். நடுவில் கேஸ்கட் கிடையாது. லாக்டைட் 574 என்ற ஆரஞ்சுப் பசை, மெல்லிசாக. அந்த இடத்தில் கறுப்பாகவோ சாம்பலாகவோ சிலிக்கோன் பசை பிதுங்கி நின்றால், செய்தவர் கையேட்டைத் திறக்கவில்லை என்று அர்த்தம். வெளியே பிதுங்கிய அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும், புழு மாதிரி உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் சல்லடையில் போய் உட்காரும்.

ஜனவரி 16

நடுவில் ஒருவர், 944 இன்ஜின் என்பது போர்ஷேயின் இன்னொரு காரான 928-ன் வி-8ஐ (எட்டு சிலிண்டர் இன்ஜின்) நடுவில் அறுத்தது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கணக்குப் போட்டால் பாதி சரி. 944-க்கு போர் 100 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 78.9, மொத்தம் 2479 சிசி. 928-ன் முதல் 4.5 லிட்டர் இன்ஜினில் ஸ்ட்ரோக் அதேதான், போர் மட்டும் 95. பிற்பாடு வந்த 5 லிட்டரில்தான் போர் 100 ஆகி, 4957 சிசி. அதைப் பாதியாக்கினால் நம்முடைய எண் வரும். ஆனால் அந்த 5 லிட்டர் வந்தபோது 944 ஏற்கெனவே ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பனுக்கு முன்னால் பிள்ளை பிறந்த கதை.

வி-8ஐப் பாதியாக்கினால் வருவது பெரிய நாலு சிலிண்டர், பெரிய நாலு சிலிண்டர் என்றாலே ஆட்டம். அதை அடக்க இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட் போட்டார்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில், கிராங்கைப் போல இரு மடங்கு வேகத்தில் சுற்றும். பேட்டன்ட் மிட்சுபிஷியிடம் இருந்ததால் போர்ஷே காசு கொடுத்து உரிமம் வாங்கியது.

இதெல்லாம் கார் வாங்க உதவாது, தெரியும்.

ஜனவரி 19

ஒரு வாரமாக விற்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த இரண்டு சீட்டரை நானே பிரித்து வேலை செய்தேன். எட்டு மாதம். கிராங்கின் துளைகளில் பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடித்து, மறுபடி கழுவி, வெள்ளைத் துணியைத் திரித்து விட்டு எடுத்து, துணி வெள்ளையாக வரும்வரை விடவில்லை. ராட் பேரிங் எல்லாவற்றையும் இரண்டு தடவை அளந்தேன். நான்கு வருடம் ஓட்டிவிட்டு விற்கப் போட்டேன். வந்தவர்கள் எல்லாரும் "யார் செய்த இன்ஜின்?" என்று கேட்டு, நான் என்றதும் முகத்தைச் சுளித்தார்கள். ஒருவர் என் டார்க் ரெஞ்சை (போல்ட்டை அளவாக இறுக்கும் கருவி) வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி. எனக்குக் கோபமான கோபம். மடியில் கனமில்லாதவனை நிறுத்திவைத்துச் சோதிக்கிறார்களே என்று.

மடியில் கனம் இருந்தது. கிராங்கின் முன்பின் ஆட்டத்தை நான் அளக்கவில்லை. மிகச் சிறிய நகர்வையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் கையில் இல்லை, இரவல் வாங்க வேண்டும், அன்று இன்ஜினை ஏற்றியே ஆக வேண்டும் என்ற வெறி. கையால் தள்ளிப் பார்த்தேன், சரியாக இருக்கிற மாதிரி பட்டது, ஏற்றிவிட்டேன். கடைசியில் வாங்கியவர் "எல்லாம் அளந்தீர்களா?" என்றார். "எல்லாம்" என்றேன்.

ஜனவரி 21

கேள்வி கேட்டவர் நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அவர் அனுப்பியதிலிருந்து எனக்குப் பட்டது.

பிரித்த காரணம்: ஆயில் கூலரின் சீல் போய், ஆயிலும் கூலன்ட்டும் கலந்துவிட்டது. கேட்டதும் சொன்னாராம். 944-ல் அடிக்கடி நடப்பதுதான். கலந்த ஆயிலில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டதால் பேரிங் போயிருக்குமோ என்று பயந்து கீழே இறங்கியிருக்கிறார். இரண்டாவது ராட் பேரிங்கில் செம்பு தெரிந்ததாம். நம்பக்கூடிய கதை.

போர் ஹோன் செய்தாரா? "இந்த பிளாக்கில் செய்யக் கூடாதே" என்று இவரை ஒரு மாதிரி பார்த்தாராம். ரிங்கையும் மாற்றவில்லை, அந்தந்த பிஸ்டனில் அந்தந்தப் பள்ளத்திலேயே பழையதைப் போட்டிருக்கிறார். வார்ப்பிரும்பு இன்ஜினாக இருந்தால் கஞ்சத்தனம் என்பேன், இங்கே நானும் அதையே செய்திருப்பேன். சுவர் சாம்பல். மூன்றாவது சிலிண்டரில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு மெல்லிய கோடு, படத்தில் நகம் மாட்டுகிற ஆழமாகத் தெரியவில்லை.

கம்ப்ரஷன் 11.6, 11.8, 11.2, 11.7 பார். கோடு விழுந்த மூன்றாவதுதான் குறைவு, ஆனால் வித்தியாசம் 5 சதவீதம்தான். ஆயில் பிரஷர் நன்றாக இருக்கிறது. அடியில் ஆரஞ்சுக் கோடு இருக்கிறது.

3500 சுற்றுக்கு மேலே ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம், பல் கூசுகிற மாதிரி. இது இன்ஜின் மவுன்ட் என்று நினைக்கிறேன். இந்தக் காரில் மவுன்ட்டுக்குள் திரவம் இருக்கும், அது வடிந்துவிட்டால் இன்ஜின் தொய்ந்து உட்கார்ந்துவிடும். மாற்றுவது கஷ்டமில்லை, அழுக்கு வேலை.

ஜனவரி 22

மவுன்ட் என்றால் ஐடிலில் அல்லவா அதிகம் ஆட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் மவுன்ட் என்றே பந்தயம் கட்டுகிறேன்.

ஜனவரி 24

விற்பவரிடம் ஒரு நோட்டு இருந்திருக்கிறது. கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. அதன் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார் நம்மவர், ராத்திரி முழுக்க அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். கணக்குக்காரர் நோட்டு என்றால் சும்மாவா, ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு வரி. இறுக்கிய அளவு, தேதி, எதிரே பென்சிலில் டிக். சில டிக் அழிக்கப்பட்டு, மறுநாள் தேதியோடு மறுபடி போடப்பட்டிருக்கிறது. ராட் பேரிங் இடைவெளி நான்குக்கும் எண். நான்காவதன் எதிரே: "இரண்டாம் முறை வேறு எண் வந்தது, நூல் நகர்ந்திருக்கலாம், மூன்றாம் முறை பார்க்க." அடுத்த வரியில் மூன்றாவது எண்.

பதினோராம் பக்கத்தில், கிராங்க் முன்பின் ஆட்டம் என்று எழுதி எதிரே: "அளக்கவில்லை. டயல் கேஜ் இல்லை."

அதன் எதிரே டிக் இல்லை.

வாங்குங்கள். ஆனால் அதை அளந்துவிட்டு வாங்குங்கள். இன்ஜினை இறக்க வேண்டாம். முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியில் டயல் கேஜின் முனை தொடும்படி வையுங்கள். ஒருவர் கிளட்சை மிதித்தால் கிராங்க் ஒரு பக்கம் நகரும், காலை எடுத்ததும் புல்லியை ஒரு நெம்புகோலால் மெல்ல எதிர்ப்பக்கம் தள்ளினால் திரும்பிப் போகும். இரண்டுக்கும் நடுவே முள் எவ்வளவு நகர்கிறதோ அதுதான் ஆட்டம். பத்து நிமிட வேலை. இரவல் கேஜ் கிடைக்கும், நிஜமாகவே கிடைக்கும்.

விலையில் ஏற்றிக் கேட்டதை மட்டும் கொடுக்காதீர்கள். நோட்டு நல்ல நோட்டுதான், ஆனாலும் நாளைக்கு ஏதாவது என்றால் ஸ்பேனர் பிடிக்கப் போவது நீங்கள்.

பிப்ரவரி 2

ஆட்டம் கையேடு சொல்லும் எல்லைக்குள்ளேயே இருந்திருக்கிறது. கார் கை மாறிவிட்டது.

பிப்ரவரி 11

பந்தயத்தில் தோற்றேன். புது மவுன்ட் போட்டும் நடுக்கம் அப்படியே இருக்கிறதாம். முன் கவரைக் கழற்றி, முதல் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவந்து குறிகளைப் பார்த்தால், டைமிங் பெல்ட் கச்சிதம், கீழ் பேலன்ஸ் ஷாஃப்ட் ஒரு பல் தள்ளி நிற்கிறது. உதவாது என்று நான் சொன்ன அதே ஷாஃப்ட்.

அந்தச் சக்கரத்தில் ஆங்கில ஓ, யூ என்று இரண்டு எழுத்து இருக்கும், எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். ஜெர்மனில் ஓபன் என்றால் மேலே, உன்டன் என்றால் கீழே. ஒரே சக்கரம் இரண்டு ஷாஃப்டுக்கும் பொருந்தும், மேல் ஷாஃப்டுக்கு ஓ காடியில் சாவியைப் போட வேண்டும், கீழ் ஷாஃப்டுக்கு யூ காடியில். ஓபன் என்றால் திறந்திருக்கிறது என்று நினைத்து ஒரு சாயங்காலம் முழுக்க எதைத் திறப்பது என்று தேடியவன் நான்.

நோட்டில் போய்ப் பார்த்தேன். பேலன்ஸ் பெல்ட் வரிக்கு எதிரே பென்சில் டிக், ஒரே தடவை போட்டது. அழித்த தடம் இல்லை.

மார்ச் 8

600 கி.மீ. ஓட்டி, ஆயில் மாற்றி, ஃபில்டரை அறுத்து, மடிப்புத்தாளை விரித்துப் படம் போட்டிருக்கிறார். வெயிலில் பிடித்துப் பார்த்தால் நாலைந்து மினுக்குகள் தெரிகின்றன, காந்தத்தில் ஒட்டவில்லையாம். செம்பு நிறம் எதுவும் இல்லை. இந்த வயது இன்ஜினுக்கு இது ஒன்றுமே இல்லை. அடுத்த ஃபில்டரையும் அறுங்கள், இதைத் தூக்கிப் போடாமல் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

மார்ச் 9

என் இரண்டு சீட்டரை வாங்கியவரின் எண் இன்னும் என்னிடம் இருந்தது. நேற்று கூப்பிட்டு, அந்த ஒன்றை அளக்கவில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. காரை விற்று ஆறு வருடமாகிவிட்டதாம், அதுவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியதாம். விற்கும்போது இன்ஜினைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாம் அளந்து செய்தது என்றுதான்" என்றார்.